பூசிய கை

நல்லெண்ணெயைத் தூக்குப்போசியின் கழுத்துவரை ஊற்றி, மூடியை அழுத்தி, அதன்மேல் பழைய வேட்டித் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார் திருமூர்த்தி. ஆனைமலைக்குப் போய்ச் சேர மூன்று பஸ் மாற வேண்டும். வழியில் ஒரு சொட்டு சிந்தக்கூடாது. கடையில் வாங்கிய எண்ணெய் இல்லை இது. கடை எண்ணெயில் எதை எதையோ கலக்கிறார்கள் என்பது அவர் முடிவு. அதை அவரிடம் மாற்றிச் சொல்ல இதுவரை ஆள் பிறக்கவில்லை. எள்ளைத் தானே புடைத்து எடுத்துக்கொண்டு தொண்டாமுத்தூர் செக்குக்குப் போய், ஆட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, செக்குக்காரன் டீ குடிக்கக் கூப்பிட்டும் நகராமல், கையோடு வாங்கி வந்தது. வீட்டுக்கு ஆட்டினாலே அப்படித்தான் நிற்பார். இதுவோ அம்மனுக்கு.

மாசாணியம்மன் கேட்டதைக் கொடுத்துவிட்டாள். நாற்பதே நாளில் கொடுத்துவிட்டாள்.

திருமூர்த்திக்கு மூன்றாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. ஆனால் உலகத்தைப் பற்றி ஒரு தீர்மானம் உண்டு. மனுசன் எவனும் நல்லவன் கிடையாது. பயம் இருக்கிறவரைக்கும் ஒழுங்காக இருப்பான். பயம் விட்டதென்றால் அவிழ்த்துவிட்ட காளைதான். விதைக்கடைக்காரன் முளைக்காத விதையைக் கும்பிட்டுக் கொடுக்கிறான். எவனோ ஒருவன் பேங்க் ஆபீசர் மாதிரி போனில் பேசி, மச்சான் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் வழித்துக்கொண்டு போய்விட்டான். மலையிலிருந்து இறங்குகிற யானைகூடச் சொல்லிக்கொண்டுதான் வருகிறது, தென்னை முறிகிற சத்தம் கேட்கும். மனுசன் வருவதுதான் தெரிவதில்லை. போலீசுக்குப் பயமில்லை, கோர்ட்டுக்குப் பயமில்லை. சாமிக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் பயம் மிச்சம் இருக்கிறது, அந்தக் கொஞ்சத்தில்தான் ஊர் நல்லா இருக்கிறது என்று பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து சொல்லுவார். தோட்டத்தில் கேமரா வைக்கலாம் என்று மகன் சொன்னபோதும், மேலே ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்குக் கரண்டு வேண்டியதில்லை என்று வாயை அடைத்துவிட்டார்.

சித்திரையில் அவருடைய மயிலைப் பசு செத்துப்போனது. காங்கேயத்தில் கன்றாக வாங்கி வந்து வளர்த்தது. மூன்றாவது ஈத்து, எட்டு மாதச் சினை. பெரியநாயக்கன்பாளையத்தில் மகன் வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு அவர் திரும்பி வந்த மத்தியானம், அது கட்டுத்தரையில் நான்கு காலையும் நீட்டிக் கிடந்தது. வாயில் நுரை. வயிறு உப்பியிருந்தது. மனைவி செல்லாத்தாள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையில் நன்றாகத்தான் இருந்ததென்றும், திடீரென்று துள்ளி விழுந்ததென்றும் சொன்னாள். அதற்குமேல் அவர் கேட்கவும் இல்லை. கால்நடை டாக்டரைக் கூப்பிட்டு அறுத்துப் பார்க்கச் சொல்லலாம் என்று மகன் போனில் சொன்னான். செத்த மாட்டுக்கு டாக்டர் வந்து என்னத்தைப் புடுங்கப்போகிறான் என்று போனை வைத்தார். அவருக்குத்தான் தெரியுமே யார் செய்ததென்று.

பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்து. மாசி மாதம் அந்தப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு அவன் மக்காச்சோளத்தில் புகுந்து நாலு பாத்தியை மேய்ந்துவிட்டது. அவன் ஓட்டிக்கொண்டுவந்து கட்டிவிட்டு, "இன்னொருக்கா வந்துச்சுன்னா நான் பொறுப்பில்லீங்க மாமா" என்று சொன்னான். குரலை உயர்த்தாமல், வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுச் சொன்னான். திட்டியிருந்தால்கூட விட்டிருப்பார். அந்த மரியாதையைத்தான் அவரால் நம்ப முடியவில்லை.

மாடு செத்த எட்டாம் நாள் செவ்வாய்க்கிழமை, செல்லாத்தாளைக் கூட்டிக்கொண்டு ஆனைமலைக்குப் போனார். திருட்டுக் கொடுத்தவர்கள், ஏமாந்தவர்கள், போக இடமில்லாதவர்கள் எல்லாரும் அங்கே போய் வரமிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசி, செய்தவனைக் கேள் தாயே என்று சொல்லிவிட்டு வருவார்கள். கேட்டது நடந்தால் திரும்பப் போய் எண்ணெய் ஊற்றி அவள் எரிச்சலைக் குளிர வைக்க வேண்டும். திருமூர்த்தி பேர் எதுவும் சொல்லவில்லை. பேர் சொல்ல வேண்டியதே இல்லை, அவளுக்குத் தெரியும். "என்ற மாட்டுக்கு எந்தக் கை விசம் வெச்சுதோ அந்தக் கை வெளங்கக்கூடாது" என்று மட்டும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அரைத்தார். மூன்று கை அள்ளிப் பூசினார். மாடு உனக்கும் சொந்தம்தானே, நீயும் பூசு என்று செல்லாத்தாளிடம் சொன்னார். அவள் சிறிது நேரம் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அம்மியில் மிச்சமிருந்ததை எல்லாம் வலது கையால் வழித்தெடுத்து, கல்லின் உச்சியிலிருந்து அடிவரைக்கும் ஒரே இழுப்பில் பூசினாள். பஸ் ஏறும்வரை கையைக் கழுவவில்லை. என்னைவிட இவளுக்கு ஆங்காரம் அதிகம் என்று அவருக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

மிளகாய் பூசிய நாற்பதாம் நாள் நாச்சிமுத்து வண்டியோடு விழுந்தான். இரண்டு தோட்டத்து வேலிக்கும் நடுவே போகிற இட்டேரியில், பட்டப்பகலில், மழைகூடப் பெய்யாத நாளில். வலது கை இரண்டு இடத்தில் முறிந்து கம்பி வைத்துத் தைத்தார்கள். திருமூர்த்தி அன்றைக்கு பேக்கரியில் இருந்த அத்தனை பேருக்கும் டீ சொன்னார். எந்தக் கை என்று கேளுங்கள் என்றார். வலது கை என்று தானே சொன்னார். அப்புறம் ஒரு வாரம், பார்த்தவர்களிடம் எல்லாம் அதே கதைதான்.

ஆக, இன்றைக்கு எண்ணெய். போசியைக் கூடையில் வைத்துவிட்டு, சேலை மாற்றியாச்சா என்று உள்ளே குரல் கொடுத்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தால், காலியான கட்டுத்தரையில், பசு நின்ற இடத்தில், செல்லாத்தாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். சேலை மாற்றித்தான் இருந்தாள். புதுச்சேலையோடு மண்ணில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க" என்றாள், தலையைத் தூக்காமல். "அந்த எண்ணெய இன்னைக்கு ஊத்த வேண்டாமுங்க."

"ஏம்புள்ள?"

"அவன் விசம் வெக்கலீங்க."

திருமூர்த்திக்குப் புரியவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான், ஒவ்வொன்றாக, காதில் விழுந்ததுபோல இருந்தது. அவர் மகன் வீட்டுக்குப் போன மறுநாளே மாட்டுக்குப் போடுகிற சோளத்தட்டுப்போர் தீர்ந்துபோனதாம். சினை மாடு, பசி தாங்காமல் கத்திக்கொண்டே இருந்ததாம். சொல்லலாம் என்றால் போனை அவர் எடுக்கவில்லை. அந்த வாரம் ஒரு கோடை மழை பெய்து, அறுத்த சோளக்காட்டில் அடிக்கட்டையெல்லாம் சாண் உயரத்துக்குப் பச்சையாகத் துளிர்த்திருந்தது. வறட்சியில் துளிர்த்த சோளத்தில் விசம் இருக்கும், மாட்டுக்கு ஆகாது என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஒரு கை போட்டால் என்ன ஆகிவிடப்போகிறது, அவர் வந்ததும் தட்டு வாங்கிவிடலாம் என்று அறுத்துக்கொண்டுவந்து போட்டிருக்கிறாள். தின்று அரை மணிகூட ஆகவில்லை, விழுந்துவிட்டது.

திருமூர்த்தியின் கண்ணுக்கு முன்னால் அந்த மத்தியானம் வந்து நின்றது. கட்டுத்தரைக் கூரையில் சொருகியிருந்த கதிரரிவாள். அதன் பல்லில் பச்சை காய்ந்து ஒட்டியிருந்தது. அதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, கழுவாமல் வைத்திருக்கிறாளே என்று மட்டும் நினைத்தார். மாடு செத்ததற்கு ஒரு மனுசனைத் தேடிக்கொண்டிருந்த கண்ணில் அரிவாள் எப்படிப் படும்?

அடிக்கக் கை ஓங்கியது. அது அவருடைய கையா என்றே தெரியவில்லை, தானாக எழுந்தது. செல்லாத்தாள் விலகவும் இல்லை, முகத்தை மூடவும் இல்லை. ஓங்கிய கையைப் பார்த்ததும் அவருக்கே என்னமோ ஆகி, அதை இறக்கித் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"என்றகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கொன்னுபோடுவீங்கன்னு பயமுங்க."

"அப்பறம் என்னத்துக்குடி கோயில்ல வந்து அப்பிடிப் பூசுன?"

"அவகிட்டப் பொய் சொல்ல அதவிடப் பயமுங்க." அவள் வலது உள்ளங்கையை மடியில் விரித்து வைத்திருந்தாள். "பண்ணுனவ நானு. எனக்கு வரட்டும்னுதான் பூசுனேன். அது தப்பி அந்தப் பையனுக்குப் போயிருச்சு. எனக்கு எப்ப வரும்னுதான் தெனமும் பாத்துட்டு இருக்கறனுங்க."

பூசிவிட்டு வந்த இந்த ஐம்பத்திரண்டு நாளும் அவள் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கும்போது ஒரு நொடி நின்று கையைப் பார்ப்பதை அவர் கண்டிருக்கிறார். வயசாகிறது என்று நினைத்தார்.

திருமூர்த்தி தென்னை மரத்தடியில் போய் நின்றார். அந்த மரத்தடியில்தான் பசுவை உப்புப் போட்டுப் புதைத்தது. யோசித்தார். யோசிப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. முடிவு எடுப்பதுதான் பழக்கம். அம்மன் தப்பான ஆளின் கையை முறித்துவிட்டாள் என்று சொல்ல முடியுமா? நாக்கு அழுகிப்போகும். சரி, அவன் சும்மா வண்டி சறுக்கி விழுந்தான், அம்மனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று வைத்தால்? அப்படி வைத்தால் மேலே யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, எழுபத்துநாலு வயசு வரைக்கும் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறோம் என்றாகும். மூன்றாவதாக ஒன்று இருந்தது. அம்மன் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. கேட்டது அப்படியே கல்லின்மேல் கிடக்கிறது. எந்தக் கை வைத்ததோ அந்தக் கை. கேட்டது யார்? இவர்தான். சத்தமாக, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி.

எண்ணெய் ஊற்றினால், கேட்டது நடந்தது என்று அவளிடம் ஒப்புக்கொண்ட மாதிரி. நாச்சிமுத்துவின் கைதான் அந்தக் கை என்று பொய்யைக் கொண்டுபோய் அவள் தலையிலேயே ஊற்றுகிற மாதிரி. ஊற்றாமல் விட்டால் மிளகாய் எரிந்துகொண்டே இருக்கும், செல்லாத்தாளுக்காக.

எப்படியோ கால்கள் கிளம்பிவிட்டன. கூடையையும் எடுத்துக்கொண்டார். செல்லாத்தாள் பத்தடி பின்னால் வந்தாள். இட்டேரி முனையில் நாச்சிமுத்துவின் வீடு. அவளை வேலி ஓரத்தில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நாச்சிமுத்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையில் கரண்டி பிடித்து உப்புமா தின்றுகொண்டிருந்தான். பாதி மடியில் சிந்தியிருந்தது. வலது கை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கியது. அவன் மனைவிதான் முதலில் பார்த்தாள்.

"வாங்க மாமா. இன்னொரு கை மிச்சம் இருக்குதுங்க. அது எப்பன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தீங்களாட்ட இருக்குது."

"சும்மா இரு புள்ள" என்றான் நாச்சிமுத்து. "உக்காருங்க மாமா. காப்பி குடிங்க."

அவர் உட்காரவில்லை. கூடையைக் கீழே வைத்தார். பிறகு அது வேண்டாம் என்று தோன்றி மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். அவன் கரண்டியைத் தட்டில் வைத்தான்.

"நானே வந்து சொல்லோணும்னு இருந்தனுங்க மாமா. நான் ஒண்ணும் வெக்கலீங்க. ஆனா அந்த வாரம் வரப்புக்குக் களைக்கொல்லி அடிச்சிருந்தேன். உங்க மாடு எட்டி மேஞ்சிருக்குமோ என்னமோ. வண்டியோட நான் கீழ உழுந்து கெடந்தப்ப எனக்கு மொதல்ல வந்த நெனப்பே அதுதானுங்க. தெரியாமப் பண்ணுனாலும் பண்ணுனதுதானுங்களே. கை கூடுனதும் நானும் ஆனைமலைக்குப் போய் உழுந்து கும்புட்டுட்டு வந்தர்றனுங்க."

திருமூர்த்தி இந்த மாதிரி ஒன்றை எதிர்பார்த்து வரவில்லை. திட்டுவான் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். செய்யாதவன் பயந்துபோய்த் தனக்குள் தேடிப் பார்த்திருக்கிறான். செய்தவள் பயந்துபோய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். ஊருக்கெல்லாம் பயம் வேண்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர் மட்டும் ஒரு நாள், ஒரு நாழிகை, நான் தப்போ என்று நினைத்ததில்லை. அந்தக் கல்லின் முன்னால் நின்றபோதுகூட.

"நீ இல்ல" என்றார்.

"என்னங்க மாமா?"

"நீ இல்லப்பா. நீ வெச்சது இல்ல. உன்ற மருந்தும் இல்ல."

வீட்டுக்குள் போகத் திரும்பிய அவன் மனைவி நின்றாள். நாச்சிமுத்து அவரையே பார்த்தான். "பின்ன ஆருங்க?"

வேலிக்கு அந்தப் பக்கம் வெயிலில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, செல்லாத்தாள் நின்றிருந்தாள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். திருமூர்த்தி வாயைத் திறந்தார்.

"உப்புமா ஆறுது. சாப்புடு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

காந்திபுரம் பஸ்ஸில் கண்டக்டர் அவருக்கு மட்டும் காசு வாங்கினான். பெண்களுக்குச் சும்மா விடுகிற டவுன் பஸ். வேறு நாளாக இருந்தால் சும்மா கொடுக்கிறவன் எதற்காகக் கொடுக்கிறான் என்று அரை மணி நேரம் பேசியிருப்பார். உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி உட்கார்ந்ததும் செல்லாத்தாள் கேட்டாள்.

"நாந்தான்னு சொல்லிப்போட்டீங்களா?"

"அவன் இல்லைன்னு சொன்னேன்."

"என்னையச் சொல்லலீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கிணத்துக்கடவு தாண்டியது. பிறகு, "சொல்லியிருக்கலாமுங்க. கொஞ்சம் லேசா இருந்திருக்கும்" என்றாள். அவளுக்கு லேசாக இருந்திருக்குமா, அவருக்கா, நாச்சிமுத்துவுக்கா என்று அவள் சொல்லவில்லை. திருமூர்த்தி மடியிலிருந்த போசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அம்மனிடம் என்ன சொல்வது என்று தேடினார். மழை கேட்டிருக்கிறார், கன்று கேட்டிருக்கிறார், கெட்டவன் கெட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கேட்டதைக் கொடுக்காதே என்று கேட்க அவருக்கு வார்த்தை தெரியவில்லை.

கோயிலில் கூட்டம். அரைக்கிற இடத்துக்கு வருவதற்கு முன்பே காற்றில் மிளகாய் நெடி ஏறிக் கண்ணைக் கரித்தது. போன தடவை அவர் யாரையும் பார்க்கவில்லை, தன் அம்மியை மட்டும்தான் பார்த்தார். இப்போது பார்த்தார். முதுகில் கம்ப்யூட்டர் பையை மாட்டிய ஒரு பெண் மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டே அரைத்துக்கொண்டிருந்தாள். மில் சட்டை போட்ட ஒருவன் அழாமல், பல்லைக் கடித்துக்கொண்டு அரைத்தான். தாயும் மகளும் ஒரே குழவியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்திருந்தார்கள். எல்லார் வாயும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. இவர்கள் எல்லாரும் சரியான ஆளுக்குத்தான் அரைக்கிறார்களா? அந்த ஆள் இந்நேரம் எங்கே, யார் வீட்டில் சோறு போட்டுக்கொண்டிருக்கிறானோ, இருக்கிறாளோ?

வரிசையை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்த கோயில் ஆளிடம் குனிந்து கேட்டார். "தப்பாக் கேட்டுப்போட்டா என்ன பண்றதுங்க?"

"கேட்டது நடந்துச்சுங்களா, இல்லீங்களா?"

"நடந்துச்சு. ஆளு மாறிப்போச்சு."

அந்த ஆள் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தான். தினமும் ஆயிரம் முகம் பார்க்கிறவன். "அதுக்கு நான் என்னங்க சொல்றது. அவகிட்டயே சொல்லுங்க. நிக்காம நகருங்கய்யா, பின்னால ஆளு வருது."

நீதிக்கல் சிவப்பாக இருந்தது. உச்சியில் ஈரச் சிவப்பு, அதன் கீழே காய்ந்து வெடித்த சிவப்பு, அதற்கும் கீழே கறுத்துப்போன சிவப்பு. திருமூர்த்தி தன்னுடையதைத் தேடினார். மூன்று கை பூசினாரே, அது எங்கே? செல்லாத்தாள் உச்சியிலிருந்து அடிவரைக்கும் இழுத்தது எங்கே? ஐம்பத்திரண்டு நாளில் எத்தனை கழுவல், எத்தனை கை. தேடிப் பிடித்து எடுத்துவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தது எவ்வளவு பெரிய கிறுக்குத்தனம் என்று அப்போதுதான் தெரிந்தது. போசித் துணியின் முடிச்சை அவிழ்க்க விரல் வரவில்லை. காலையில் அவர்தான் அவ்வளவு இறுக்கிக் கட்டியது.

செல்லாத்தாள் அதை வாங்கிப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். என்ன சொல்லி ஊற்றுவது என்று அவரைக் கேட்கவில்லை. எண்ணெயை மெதுவாகச் சாய்த்து, வலது உள்ளங்கையால் கல்லின் உச்சியைத் தடவினாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் தலையில் எண்ணெய் வைப்பதுபோல, அழுத்தாமல், சுற்றிச் சுற்றித் தடவினாள். உதடு அசைந்தது. அவருக்குக் கேட்கவில்லை.

"பாட்டி, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா" என்றாள் பின்னால் நின்ற கம்ப்யூட்டர் பைக்காரப் பெண். அவள் கை நிறைய அப்போது அரைத்த விழுது. செல்லாத்தாள் கையை எடுப்பதற்குள் அவள் எட்டிப் பூசிவிட்டாள், எண்ணெயின் மேலேயே. சிவப்பும் எண்ணெயும் கலந்து செல்லாத்தாளின் விரல்மேல் வழிந்து மணிக்கட்டு வரைக்கும் வந்தது. கூட்டம் இருவரையும் தள்ளிக்கொண்டு வெளியே விட்டது.

மண்டபத் தூணோரம் நிறுத்தி, திருமூர்த்தி அவள் கையைப் பிடித்துத் தன் துண்டால் துடைத்தார். கல்யாணத்துக்கு அப்புறம் அந்தக் கையை அவர் அப்படிப் பிடித்ததில்லை. துடைக்கத் துடைக்கச் சிவப்பு விரலிடுக்கில் போய்ச் சேர்ந்தது. எரியுதா என்று கேட்டார். தெரியலீங்க என்றாள். குழாயடிக்குப் போய்க் கழுவலாமுங்க என்றாள். அவர் கையை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய விரல் நுனியில் ஆரம்பித்து, உள்ளங்கை வரைக்கும், மெல்ல எரிய ஆரம்பித்தது.